தகுந்த ஆளைத் தேடுகிறேன்

சில வருசங்களுக்கு முன்னர், ஒரு பெரிய மென்பொருள் கம்பனி, உத்தியோகக்காரர்கள் தங்கள் படிப்பு, வேலை விபரமெல்லாம் போட்டு வைக்கிற இணையத்தளம் ஒன்றை விலைக்கு வாங்கியது. பலருக்கு நினைவிருக்கும். கோடை தொடங்குகிற நேரம். அந்த வியாபாரத்தால் ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் நடந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். ஒருவருடைய பேரும் எழுதவில்லை. எழுதினால் மகள் என்னோடு கதைக்க மாட்டாள்.

மகள் கம்பியூட்டர் வேலை. கலியாணக் கதை எடுத்தால் உடனே அவளுக்கு ஒரு மீட்டிங் வந்துவிடும். அந்த நேரம் தெரிந்த ஒரு அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. பெடியன் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில், அவனும் கம்பியூட்டர்தான், தகப்பன் இல்லை, தாய் நல்ல மனுசி. அவையளோடும் கதைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு படமும் தந்தா. கலியாணத்துக்கென்று எடுக்கிற படத்தை நான் நம்புவதில்லை. எல்லாப் பெடியளும் ஒரே நிறத்தில்தான் இருப்பார்கள்.

ஆட்களை வேலைக்கு எடுக்க முதல் அந்தத் தளத்தில்தான் தேடிப் பார்க்கிறவர்கள் என்று மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக்கே அப்படியென்றால் மருமகனுக்கு? மகளுக்குச் சொல்லாமல் நானும் அதில் சேர்ந்தேன். என்ன பதவி என்று கேட்டது. நான் ஒரு டே கெயாரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறனான். குசினிக்கு நான்தான் பொறுப்பு, வீட்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஆகவே மனேஜர் என்று போட்டேன். பிறகு உன்னைப் பற்றி ஒரு வரி எழுது என்றது. கலியாண விளம்பரத்தில் எழுதுகிற மாதிரி, தகுந்த ஆளைத் தேடுகிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் கூறைச்சேலை மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு நின்ற படத்தையும் போட்டேன்.

ஒஷாவாப் பெடியன் லேசாக அகப்பட்டான். வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் அவனைத் திறந்து பார்ப்பது எனக்குப் பேப்பர் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. படித்த இடம், வேலை செய்த இடம், வாங்கின பரிசு, எல்லாம் பாடம். சிரிப்பு மட்டும் கொஞ்சம் கள்ளச் சிரிப்போ என்று ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கவே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கதவு நீக்கலால் எட்டிப் பார்க்கிறேன் என்றுதான் என் நினைப்பு. நான் பார்க்கிற ஒவ்வொரு முறையும், இன்னார் உன்னைப் பார்த்தார் என்று அந்தத் தளம் அவனுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

என்ர மனுசன் ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் தமிழ் வானொலி கேட்பதுதான் அவருடைய மற்ற உத்தியோகம். அன்றைக்கு வாசலிலேயே செய்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

“இஞ்சேர், உம்மட தளத்தை அந்தப் பெரிய கம்பனி வாங்கிப்போட்டுதாம். இனி ஆர் ஆரைப் பாத்தது எல்லாம் அவங்கட கையிலதான்.”

மகளின் ஒஃபிசில் பாவிப்பது முழுக்க அந்தக் கம்பனியின் சாமான். நாளைக்குக் காலை அவள் கம்பியூட்டரைத் திறக்க, உன் அம்மா ஒஷாவாவில் ஒரு பெடியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறா என்று பெரிய எழுத்தில் வந்து நிற்கும் என்றே நினைத்துவிட்டேன். சட்டையும் மாற்றாமல் கணக்கை மூடக் கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தேன். மூடுகிற இடத்தைத் தேடிக்கொண்டு போகையில், நான் ஒருநாளும் திறக்காத ஒரு பெட்டி அகப்பட்டது. அதற்குள் மூன்று கடிதங்கள். மூன்றும் அவன் எழுதினது.

முதலாவதில், என்னை அடிக்கடி பார்க்கிறீர்கள், மிக்க நன்றி என்று இருந்தது. இரண்டாவதில் தனக்கும் நல்ல விருப்பம் என்று எழுதியிருந்தான். மூன்றாவதில், உங்களுக்கு நான் பொருத்தமாக இருப்பேன் என்று நம்புகிறேன், எங்கே வரச் சொன்னாலும் வருவேன், என்னைப் பற்றி விசாரிப்பதென்றால் ஆட்களின் பேரும் தருவேன் என்று இருந்தது. அக்கா கதைத்துவிட்டா போல என்று எனக்குச் சந்தோசம். மனுசன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். விசாரிக்கத் தானே ஆள் தருகிற மாப்பிள்ளையைத் தான் இப்போதுதான் காண்கிறாராம். கணக்கை மூடுகிற கதையை விட்டுவிட்டு, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கோப்பிக் கடைக்கு வரச்சொல்லிப் பதில் போட்டேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். பெடியன் கோட்டும் ரையுமாக, கையில் ஒரு ஃபைலோடு, எங்களுக்கு முதலே வந்து இருந்தான். எழும்பி இவருடைய கையைக் குலுக்கினான். என்ன மரியாதை என்று என் மனம் குளிர்ந்துவிட்டது. கள்ளச் சிரிப்பும் இல்லை, படத்தில்தான் பிழை. தாயைப் பற்றிக் கேட்டேன், கோயிலுக்குப் போவாயா என்று கேட்டேன், குடிப்பாயா என்றும் கேட்டேன். இதெல்லாம் எதற்கு என்று அவன் ஒருக்கால் யோசித்த மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னான். பிறகு, நாங்கள் கேட்காமலே, ஒன்றையும் ஒளிக்க விருப்பமில்லை என்று தொடங்கினான்.

“முந்தின இடத்தில ஐஞ்சு வருசம் இருந்தனான் அங்கிள். மார்கழியில விட்டிட்டாங்கள். கோபதாபம் ஒண்டும் இல்லை, இப்பவும் என்னைப் பற்றி நல்லாத்தான் சொல்லுவினம்.”

இவருடைய கோப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. நல்ல இடம் என்றுதானே அக்கா சொன்னா. முந்தி ஒரு கலியாணம் இருந்ததைச் சொல்லவில்லையே. இவர் குரலைத் தாழ்த்தி, பிள்ளையள் ஏதும் உண்டோ என்று கேட்டார்.

“ஓம் அங்கிள், எனக்குக் கீழ நாலு பேர். எல்லாம் நல்ல கெட்டிக்காரப் பிள்ளையள்.”

“அவையள் இப்ப ஆரோட?”

“மூண்டு பேருக்கு வேற இடம் கிடைச்சிட்டுது. ஒராள் இன்னும் வீட்டிலதான். பாவம்.”

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து வருசத்தில் நான்கு பிள்ளைகள், அதில் மூன்றை வேறு இடத்தில் கொடுத்துவிட்டு வந்து இவன் எங்களோடு சிரித்துக் கதைக்கிறானே என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, கேள்விகள் முடிந்துவிட்டன என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ரையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் பக்கத்தால் என்ன மாதிரிக் கொடுப்பீர்கள் என்று கேட்கலாமோ என்றான்.

இவர் எழும்பியே விட்டார்.

“தம்பி, நாங்கள் சீதனம் குடுத்துக் கலியாணம் செய்து வைக்கிற ஆக்கள் இல்லை.”

பெடியன் இவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், “அன்ரி, உங்கட கம்பனி என்ன கம்பனி?” என்று கேட்டான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனேஜர். தகுந்த ஆளைத் தேடுகிறேன்.

“கம்பனி ஒண்டும் இல்லைத் தம்பி,” என்றேன். “எங்களிட்ட ஒரு மகள்தான் இருக்கிறா.”

பெடியன் கையில் இருந்த ஃபைலை மெல்ல மூடி வைத்தான். பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான். மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரிக்க வெளிக்கிட்டபோதுதான், அந்தக் குலுங்கல் இப்போது சிரிப்பில்லை என்று எனக்குப் பட்டது.

மார்கழியில் வேலை போனதை அவன் தாய்க்குச் சொல்லவே இல்லையாம். தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குப் போய் இருந்து, வேலை முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போவானாம். எத்தனையோ இடத்துக்கு எழுதியும் ஒரு பதிலும் இல்லை. அக்கா கொண்டுவந்த சம்பந்தக் கதை தாயோடு நின்றிருக்கிறது, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“காலமை திறந்தா நீங்கள் பாத்திருப்பியள் அன்ரி. ஒராள் எண்டாலும் என்னை எடுத்துப் பாக்குது எண்டு நினைச்சுக்கொண்டு போவன்,” என்றான்.

எனக்கு அந்த இடத்திலேயே கரைந்து போகலாம் போல இருந்தது. கோபத்தில் நின்ற மனுசன் போய், ஒரு சூப்பும் சான்ட்விச்சும் வாங்கிவந்து அவனுக்கு முன்னால் வைத்தார். சாப்பிட்டு முடிய, ரெயினில் போகவேண்டாம், நாங்களே கொண்டுபோய் விடுகிறோம் என்று காரில் ஏற்றினார். வழி முழுக்க அந்த நான்கு பிள்ளைகளின் கதையைச் சொல்லிச் சொல்லித் தானே சிரித்தார். ஒஷாவா கிட்ட வரும்போது பெடியனும் கொஞ்சம் தெளிந்துவிட்டான்.

அவனுடைய தாய் வீட்டு வாசலில் பூமரத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றா. சனிக்கிழமையில், கோட்டும் ரையுமாக, முன்பின் தெரியாத இரண்டு பேரின் காரில் மகன் வந்து இறங்குவதைக் கண்டு, தண்ணிக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றா. இனி ஒளிக்க ஒரு வழியும் இல்லை. அவன் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். தண்ணி அவவுடைய செருப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுசி அழவுமில்லை, ஏசவுமில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் மத்தியானத்தில என்ன சாப்பிட்டனி?” என்று மட்டும் கேட்டா.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணியும் வடையும் தந்து, எல்லாம் அடங்கின பிறகு என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, உங்கள் மகளுக்கு என்ன வயசு என்று கேட்டா பாருங்கள். நானும் சொன்னேன். தாய்மார் நாங்கள் வேறென்ன செய்வது?

பெடியனுடைய வேலை விபரத்தை மகளிடம் கொடுக்கவேண்டும் என்பதால் அன்று பின்னேரம் அவளுக்கும் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு போனவள், கொஞ்ச நேரத்தில் போனோடு திரும்பி வந்தாள். நான் எழுதி வைத்ததை வாசித்தாளாம். “அம்மா, மனேஜர் ஒஃப் வாட்?” என்று கேட்டு, நிலத்தில் இருந்து சிரித்தாள். ஆனால் அவனுடைய விபரத்தைப் பிறம்ரனில் பொருட்கள் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பனியில் இருந்த சிநேகிதிக்கு அன்றைக்கே அனுப்பினாள். அவர்கள் கூப்பிட்டு, உண்மையான இன்ரவியூ வைத்து, அவனைக் கம்பியூட்டர் வேலைக்கே எடுத்தார்கள். ஒஷாவாவில் இருந்து பார்த்தால் பிறம்ரன் ரொறொன்ரோவுக்கு மற்ற அந்தம். அவன் சந்தோசமாகப் போனான்.

இரண்டு தாய்மாரின் ஆக்கினை தாங்காமல் அவனும் மகளும் ஒருமுறை சந்தித்தார்கள். ஒரு கோப்பி குடித்து முடிய முதலே இரண்டு பேரும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்களாம். நல்ல பெடியன், வேலைக்கு எடுக்கலாம், கலியாணத்துக்கு இல்லை என்றாள் மகள். போன வருசம் அவனுடைய கலியாணத்துக்கு, மணமகன் வீட்டு ஆட்களாக நானும் இவரும் முன்வரிசையில் இருந்தோம்.

இப்போது தெரிந்த ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால், எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், போன் எடுத்துச் சும்மா என்றாலும் கதைக்கிறேன். தன்னை ஒருவர் நினைக்கிறார் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு மனிதன் ஒரு நாளைக் கடந்துபோகிறான் என்பதை அன்றைக்கு அந்தக் கோப்பிக் கடையில் கண்ணால் கண்டவள் நான்.