ஹாரன் அடிக்காத வளைவுகள்

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு காலை. கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய பிக்கப் வண்டியில் நானும் அப்பாவும் இருந்தோம்.

மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்போது கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்த இடத்தில், அப்பாவுக்குத் துணையாகச் சந்தைக்குக் கிளம்பினேன். அப்பா வழக்கம்போல் பின்னால், பழக்குவியலின் மேல், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்னால் டிரைவர் அண்ணன், நடுவில் நான், ஜன்னலோரம் ஒரு சார். மலையில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை. சொந்த ஊர் கீழே வேறு ஜில்லா. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த வண்டியில்தான் இறங்குவார். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் அப்பாவின் முதுகு சாய்ந்து வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நல்ல பனி. வண்டியின் மூக்குக்கு முன்னால் கொஞ்சம் ரோடு தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் மலை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறினால் ரோடு முழுவதும் அதற்கே வேண்டும். அதனால் இறங்குகிற வண்டி வளைவுக்கு முன்பே ஹாரன் அடிக்கும். பதிலுக்குக் கீழேயிருந்து ஹாரன் கேட்டால், மேலேயே ஓரமாக நின்று வழிவிடும்; எதிரே வருவது சின்ன வண்டியானால் அதுவே கீழே நின்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஸ்டீயரிங் பிடிக்கும்போதே கையோடு வந்துவிடுகிற பழக்கம் அது.

மேலே சில வளைவுகள் தாண்டியதும் சார் சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்.

“அடுத்த வளைவுல எதிர்ல வண்டி வரும்னு நான் சொல்றேன். என்ன பந்தயம்?”

“வராதுங்க சார். ஒரு டீ,” என்றார் டிரைவர்.

வரவில்லை. அடுத்ததற்கும் சார் ‘வரும்’ என்றார். அதிலும் வரவில்லை. டீ, பரோட்டாவாக ஆனது. பரோட்டா, கோழியாக ஆனது. டிரைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சார், இன்னிக்கு உங்க ஊட்டுக்குப் போயி கோழியப் புடிச்சுட்டு வாரேன் பாருங்க,” என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு சார் திடீரென்று ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். “நீங்க ஹாரன் அடிக்கறதாலதாங்க நான் தோக்கறேன். சத்தம் கேட்டு அவன் வளைவுக்குள்ள வராம கீழயே நின்னுடறான். இனிமே ஹாரன் அடிச்சா ஆட்டம் செல்லாது.”

டிரைவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், “செரி, அப்படியே ஆவட்டுங்க,” என்றார்.

அடுத்த வளைவில் ஹாரன் சத்தம் இல்லை. வண்டி பனிக்குள் அப்படியே திரும்பியது.

“அண்ணா, வேண்டாங்ண்ணா. பனியா இருக்குது. பின்னால அப்பா ஒக்காந்திருக்காரு.”

“உங்கப்பன நான் இன்னிக்கா சாமி ஏத்திட்டுப் போறேன்? ஒரு நாளாச்சும் கீழ போட்டிருக்கனா?”

போட்டதே இல்லைதான்.

பந்தயம் ஏறிக்கொண்டே போனது. கோழி போய், அன்றைய வண்டி வாடகை வந்தது. அது போய், சாரின் கைக்கடிகாரம் வந்தது. தோற்கத் தோற்க சாருக்கு நம்பிக்கை கூடியது. இவ்வளவு நேரம் எதுவும் வரவில்லை என்றால் இனி வந்தே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. டிரைவரின் கணக்கு அதற்கு நேர் எதிர். இன்றைக்கு எதுவும் வராது, ரோடே தன் பக்கம் இருக்கிறது என்று நினைத்தார். ஜெயிக்க ஜெயிக்க, வளைவில் பிரேக்கை மிதிப்பதும் குறைந்தது.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் காசைச் சுண்டிக் காட்டி நடத்திய பாடம் எனக்கு நினைவு வந்தது. தொடர்ந்து தலை விழுந்தாலும் அடுத்த முறை பூ விழும் வாய்ப்பு பாதிதான். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்குத் தெரியாது. நான் அதை அப்படியே சொன்னேன். “அண்ணா, போன வளைவுல வரலங்கறது இந்த வளைவுக்குத் தெரியாதுங்ண்ணா. அதுக்கு ஞாபகம் கெடையாது.”

“அதுக்கு இல்லீன்னா என்ன, எனக்கு இருக்குதே! டீயிலிருந்து வாட்ச் வரைக்கும் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்குது,” என்றார் டிரைவர். சார் என் தொடையில் தட்டி, “தம்பி, படிச்சதெல்லாம் பரிட்சையில எழுதுங்க. இது வேற,” என்றார்.

சார் ஜன்னலை இறக்கி, முகத்தை முன்னால் நீட்டிப் பனிக்குள் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவர் உதடுகள் அசைந்தன. “வா, வா, வா.” நாங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு எதிரே ஒரு பஸ் வரவேண்டும் என்று, அதே வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம், பனியைப் பார்த்து வந்ததல்ல.

நானும் யோக்கியமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வளைவும் காலியாகத் தாண்டத் தாண்ட, என் மூச்சு மெல்லச் சீராகியது. ‘இவ்வளவு தாண்டிவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது’ என்று எனக்குள் யாரோ சொல்வது கேட்டது. காசின் பாடம் படித்த தலை ஒரு பக்கம் இருக்க, உடம்பு டிரைவரின் கட்சிக்குப் போய்விட்டது.

அடுத்த வளைவில் பஸ் வந்தது.

முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள். அப்புறம் கண்ணாடி முழுக்க பஸ்ஸின் முகம். டிரைவர் ஒடித்துத் திருப்பினார். டயர் கிறீச்சிட்டது. என் நெற்றி எதிலோ மோதியது. வண்டியின் இடது பக்கம் தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. பின்னாலிருந்து பழங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு சுவரைத் தாண்டிப் போயின. போன பழம் பாறையில் விழுந்து உடைகிற சத்தம் வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

நான் திரும்பினேன். பின்கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. அப்பாவின் முதுகு அங்கே இல்லை.

என் பக்கத்தில் சார் இருக்கையிலிருந்து எம்பி, “வந்துருச்சு! சொன்னேன்ல, வந்துருச்சு!” என்று கத்தினார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கக் கதவு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. உறைந்துபோய் உட்கார்ந்திருந்த டிரைவரின் மடிமேல் ஏறி, மறுபக்கக் கதவைத் திறந்து குதித்தேன். பழம் விழுந்த சத்தம்தான் காதுக்குள் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன் வண்டியின் பின்பக்கம் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சுவரை நோக்கித்தான் ஓடினேன்.

“எங்க சாமி ஓடற?”

அப்பா பழங்களுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். கை கயிற்றை விடவில்லை. முழங்கை தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். “நல்ல பழமெல்லாம் போச்சே,” என்றார்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏய்யா, ஹாரன் என்ன ஊட்ல கழட்டி வெச்சுட்டு வந்தியா?” என்று திட்டித் தீர்த்தார். எங்கள் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டதும், பஸ் உறுமிக்கொண்டு மேலே போனது.

எங்கள் டிரைவர் பீடி பற்றவைத்தார். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அவர் சாரைப் பார்த்துச் சொன்னார்: “இப்ப ஒண்ணு வந்துருச்சுல்லங்க சார். இனி கீழ போற வரைக்கும் எதும் வராது. ரெட்டிப்பு வெச்சுக்கலாங்களா?”

“வெச்சுக்கலாம். இப்பத்தான் எனக்கு நேரம் திரும்பியிருக்கு,” என்றார் சார்.

அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கினேன். “சந்தைக்கு நேரமாச்சு சாமி, இதுக்கெல்லாம் பயந்தா ஆவுமா?” என்று அவர் இழுத்தார். பந்தயம் நடப்பதே அவருக்குத் தெரியாது. நான் பிடியை விடவில்லை. “ஹாரன் அடிச்சுட்டுப் போங்கண்ணா” என்று கெஞ்சினேன். “செரி செரி” என்றார் டிரைவர். பழத்தை மண்டியில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு நாங்கள் ரோட்டோரம் நின்றோம்.

வண்டி பனிக்குள் மறைந்தது. கீழே அடுத்த வளைவு வரும் நேரத்துக்குக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். ஹாரன் கேட்கவில்லை. அதற்கும் அடுத்ததில் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. அது தேய்ந்து முடியும்வரை, வேறொரு சத்தம் வந்துவிடக்கூடாதே என்று நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப்போல் ஒரு நேரத்தை நான் வாழ்க்கையில் கடந்ததில்லை.

கீழே இறங்கும் பஸ்ஸில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்கையை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “எம்மேல பந்தயம் கட்டியிருக்கானுங்க. தெரியாமப் போனதால நிம்மதியா ஒக்காந்து வந்திருக்கேன்,” என்றார்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அடிவாரத்து டீக்கடை முன்னால் வண்டி பத்திரமாக நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையில் சாரின் கடிகாரம். “பாத்தியா கண்ணு, ஒண்ணுமே வரல. பஸ்ஸுக்குக் குடுத்த காசு தண்டம்,” என்றார். சார் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பிழைத்து வந்ததற்காக அவர் முகத்தில் ஒரு துளி நிம்மதி இல்லை. தோற்றுப்போன வருத்தம்தான் இருந்தது.

அப்பா அதற்கப்புறம் அந்த வண்டியில் ஏறவில்லை. ஆனால் ஊரில் மற்றவர்கள் ஏறுகிறார்கள். வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். “இத்தன வருசமா ஒண்ணும் ஆவலையே, ராசியான கை சாமி அவுருது,” என்கிறார்கள். உண்மைதான், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒவ்வொரு முறை பத்திரமாக இறங்கும்போதும் அவர்கள் நம்பிக்கை ஒரு படி ஏறுகிறது.

தோற்றுக்கொண்டே இருப்பவனைக் கண்டால் எல்லோரும் விலகிக்கொள்கிறோம், ஜெயித்துக்கொண்டே இருப்பவன் வண்டியில் மட்டும் யோசிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அதனால்தான், என் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று தொடர்ந்து நல்லபடியாகப் போகும்போது, அது என் கவனத்தால் போகிறதா, எதிரே இன்னும் எதுவும் வராததால் போகிறதா என்று கேட்டுப் பார்க்காமல் என்னால் இன்றும் தூங்க முடிவதில்லை.