லிங்கப்பன் அடைத்த ஓட்டைகள்

லிங்கப்பனுக்குப் பயப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. முதலில் பயந்துவிடுவார், காரணத்தை அப்புறம் சாவகாசமாகத் தேடிக்கொள்வார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார மாட்டார், மோதினால் முதல் அடி அங்கேதானாம். கடைசி சீட்டும் ஆகாது, பின்னால் வருகிற லாரிக்காரன் தூங்கிவிட்டால்? மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், கம்பெனி பஸ்ஸில் நடு சீட்டைப் பிடிப்பதற்காகவே எல்லோருக்கும் முன்னால் போய் நிறுத்தத்தில் நிற்பார். கௌதள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, மைசூரில் கும்பாரகொப்பல் பக்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டி, ஒரே பெண்ணை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். இத்தனையும் பயந்துகொண்டே செய்து முடித்தார் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் யார் குளிக்கப் போனாலும் வெளியே நின்று குரல் கொடுப்பது அவர் வழக்கம். "கனகா, இருக்கியா?" என்பார். உள்ளேயிருந்து மனைவி, "இல்லீங்க, ஊருக்குப் போயிட்டேன்" என்பாள். திட்டோ கிண்டலோ, பதில் வந்தால் போதும், மனுஷன் பேப்பர் படிக்கப் போய்விடுவார். வழுக்கி விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மகள் வினிதா ஒரு நாள் போனை நீட்டி, "அப்பா, நம்ம பாத்ரூமை இப்படி மாத்தப் போறேன்" என்றாள். ஹெப்பாளிலேயே ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. சம்பாதிக்கிற பெண், சொன்னால் சொன்னதுதான். படத்தில் இருந்தது குளியலறை மாதிரியே இல்லை. இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்தில், எல்லாம் நீராவியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி குளித்திருந்தால் அவன் குளியலறை எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. சுவர் முழுக்க வெளியே தெரிகிற செம்புக் குழாய்கள், பித்தளைச் சக்கரம் வைத்த வால்வுகள், முள் ஆடுகிற பிரஷர் மீட்டர், சிங்கக் கால் வைத்த இரும்புத் தொட்டி. ஸ்டீம்பங்க் என்று அதற்குப் பெயராம்.

"ரயில் மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கறதை வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வெக்கறயா?" என்றாள் கனகா.

லிங்கப்பன் கண்ணில் பட்டது வேறு. ஈரச் சுவர், அதன் மேல் செம்புக் குழாய், பக்கத்திலேயே கரண்ட் கீசர். "செம்புல கரண்ட் எப்படிப் பாயும் தெரியுமா அம்மிணி? தொட்டா கையை எடுக்கவே முடியாது" என்று மகளிடம் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. கரண்ட் கீசரைக் கழற்றிவிட்டு கேஸ் கீசர் வைப்பது. சிலிண்டர் கொல்லையில் இருக்கும், குழாய் மட்டும் உள்ளே வரும். வினிதாவுக்கு ஏக சந்தோஷம். கீசருக்குச் செம்புத் தகட்டில் உறை போட்டால், சின்னக் கண்ணாடி வழியாக நீலத் தீ எரிவது தெரியும், அசல் நீராவி எஞ்சின்தான் என்றாள்.

ஜடையன் என்கிற பிளம்பர் வந்து வேலையை ஆரம்பித்தார். குஜரிக் கடைகளில் பழைய இரும்புக்கு நடுவே பொறுக்கிய பல்சக்கரங்களை வினிதாவே தேய்த்துப் பளபளப்பாக்கினாள். லிங்கப்பன் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றார். நின்றவர் சும்மா நின்றாரா? வெளிச்சுவரில் உயரத்தில் பழைய வென்டிலேட்டர் ஒன்று, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியது. அந்த இடுக்கில் எவனாவது போனை நீட்டிப் படம் பிடித்தால்? பேப்பரில் வந்திருந்ததே! அதைப் பெயர்த்துவிட்டு, கப்பல் ஜன்னல் மாதிரி வட்டமாக ஒரு கலர் கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் பசை பூசி இறுக்கச் சொன்னார். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஓட்டை அடுத்தது. ஃபேன் என்றால் கரண்ட், ஓட்டை என்றால் பாம்பு. அதன் மேல் பெரிய பல்சக்கரம் ஒன்றைப் பதித்துச் சிமென்ட் பூசியாயிற்று. பழைய கதவுக்கு அடியில் பூரான் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தேக்குக் கதவு, அடியில் ரப்பர் பட்டை, உள்ளே முழ நீளத்துக்குப் பித்தளைத் தாழ்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஜடையன், "ஆய்து சார்" என்று தலையாட்டினார். வீட்டுக்காரர் சொல்கிறார், அவர் செய்கிறார்.

ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு ஓட்டை அடைபட்டது. அடைபட்டதெல்லாம் காற்று வந்துபோன வழி என்பது மட்டும் அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. பெண்ணும்தான் இன்ஜினியர், அவளுக்கும் உறைக்கவில்லை. கலர் கண்ணாடி வழியாக வெயில் தொட்டியில் விழுகிற அழகைப் பார்த்து அவள் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு தேவம்மா கன்னத்தில் கை வைத்து, "ஏன்ரீ கனகம்மா, இது பச்சலு மனெயா, ரயில் எஞ்சினா?" என்று கேட்டாள். குளியலறையைப் பார்த்து அப்படிக் கேட்டதற்கு வினிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். லிங்கப்பனோ அவர்களுடைய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் தலைவலி. குளித்துவிட்டு வந்தால் கனகாவுக்குக் கண் இருட்டியது. வினிதாவுக்கு ஆபீஸ் பஸ்ஸில் குமட்டியது. பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் கனகா. லிங்கப்பனுக்குத் தெரியாதா என்ன காரணமென்று? தெருவே வந்து கண் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, வேறென்ன! அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டார். இந்த ரூம் யாரையோ காவு கேட்கிறது என்று ஒரு எண்ணம், வாய் விட்டுச் சொல்லவும் பயம். தான் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல், நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வந்துவிடுவார். மற்றவர்கள் குளித்தால் குரல் கொடுப்பது இரண்டு மடங்காயிற்று.

அதில்தான் வினை வந்தது. வினிதாவின் ஆபீஸ் தோழிகள் புதுக் குளியலறையைப் பார்க்க வந்த அன்று, அவள் முகம் கழுவ உள்ளே போயிருந்தாள். இவர் வழக்கம்போல, "அம்மிணி, இருக்கியா?" என்றார். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஆபீஸில் அவளுக்கு 'இருக்கியா' என்றே பட்டப்பெயர். பெண் கொதித்துப்போனாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மைசூரில் நீர் நிரப்புகிற பண்டிகை. குளியலறையைக் கழுவி, வெந்நீர் அண்டாவைத் தேய்த்துச் சுண்ணாம்பும் செம்மண்ணும் இட்டு, கழுத்தில் இலைக் கொடி சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்பிப் பூஜை செய்வார்கள். விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் எண்ணெய்க் குளியல். மைசூருக்கு வந்த நாளிலிருந்து கனகா இதை ஒரு வருஷமும் விட்டதில்லை. ஆனால் இந்த வருஷம் அண்டா இல்லையே, பழைய சாமான்களோடு போய்விட்டதே! அதனால் என்ன, வெந்நீர் கொடுக்கிறது எதுவோ அதற்குப் பூஜை என்று கீசருக்குப் பொட்டு வைத்தாள். தேவம்மா கொண்டுவந்து கொடுத்த கொடியையும், சாமந்திச் சரத்தையும் லிங்கப்பனே ஸ்டூல் போட்டுக் கட்டினார். கீசரின் மேலே வரிசையாகச் சூடு வெளியேறுகிற துளைகள். அதையெல்லாம் மறைத்து, கண் திருஷ்டி அண்டாதபடி மொத்தையாகச் சுற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார். யாரையும் ஒண்ணும் பண்ணிடாதே சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் வினிதா சொன்னாள். "நாளைக்கு நான் குளிக்கறப்போ கூப்பிட்டே, பதிலே சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்ப்பா. பண்டிகை நாள்லயாவது நிம்மதியா குளிக்க விடு."

"சரி அம்மிணி, கூப்பிடல" என்றார் லிங்கப்பன். மகள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் வந்த வார்த்தை அது.

விடியற்காலையில் ஊரெல்லாம் வெடிச் சத்தம். முதலில் லிங்கப்பன், வழக்கம்போல மழையில் நனைந்த கோழி மாதிரி ஓடி வந்தார். அடுத்துக் கனகா சீயக்காய் தேய்த்துச் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்தவள், ஈரத் தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எண்ணெய் தேச்சுக் குளிச்சது, பித்தம் தூக்குதுங்க" என்றாள். கீசர் அணையாமல் எரிந்துகொண்டிருந்த அந்த அறைக்குள் வினிதா போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம், போனில் பாட்டு.

லிங்கப்பன் ஹாலில் உட்கார்ந்தார். எழுந்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். வார்த்தை தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினார். கனகா ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் விழுகிறது, பாட்டு பாடுகிறது, அப்புறம் என்ன பயம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பாட்டு நின்று ஒருவன் பேச ஆரம்பித்தான். ஏதோ நிலம் விற்கிற விளம்பரம். மூட்டு வலி எண்ணெய், கல்யாணத் தகவல் நிலையம் என்று அவன் பேசிக்கொண்டே போனான். விளம்பரம் வந்தால் அந்தக் கணமே விரலால் தள்ளிவிடுகிற பெண் அவள். சோறு தின்கிற கையோடுகூடத் தள்ளுவாள். லிங்கப்பன் எழுந்துவிட்டார்.

"அம்மிணி!" என்றார் கதவருகே போய். "அம்மிணி, இருக்கியா?"

பதில் இல்லை.

இருக்காது. சத்தியம் பண்ணியிருக்கிறாளே! பிடிவாதக்காரி, உள்ளே உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படியே இருக்கட்டும் என்று ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். ஆனால் அந்த விளம்பரக்காரன் ஏன் இன்னும் பேசுகிறான்?

"வினிதா, கோவிச்சுக்காதே கண்ணு. ஒரு தடவை ஊம்னு மட்டும் சொல்லு, போயிடறேன்."

"ஏனுங்க, வயசுப் பொண்ணு குளிக்கற எடத்துல நின்னுக்கிட்டு! வெக்கமா இல்லீங்களா?" என்று கனகா தள்ளாடி எழுந்து வந்தாள்.

"நீ கூப்பிடு. உன்கிட்ட சத்தியம் பண்ணலையே, நீ கூப்பிட்டா சொல்லுவா."

"வினி..." என்றாள் கனகா. மறுபடி, உரக்க, "ஏய் வினி!" தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கனகாவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் லிங்கப்பன் அவளை விலக்கிவிட்டார்.

தோளால் கதவை மோதினார். தேக்கு, அசையுமா? அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய கதவாயிற்றே. கொல்லைப்புறம் ஓடினார். பெயின்ட்காரர்கள் விட்டுப்போன ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. ஜென்மத்தில் ஏணியில் கால் வைக்காத மனுஷன், துணி துவைக்கிற கல்லருகே கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறினார். கலர் கண்ணாடியில் ஓங்கி அடித்தார், மறுபடி அடித்தார். கண்ணாடி உள்ளே விழுந்தது, உள்ளங்கை கிழிந்தது, உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. தொட்டி விளிம்பில் மகளின் தலை சாய்ந்து கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவள் இவரைப் பார்க்கவில்லை.

இறங்கினாரா விழுந்தாரா தெரியாது. கீழே நின்ற சிலிண்டரைக் கை தானாகத் திருகி மூடியது. தினமும் படுக்கப் போகுமுன் மூடிப் பழகிய கை. செடிக்குக் குழி வெட்டுகிற கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, தாழ்ப்பாள் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் நெம்பினார். கதவு சட்டத்தோடு பெயர்ந்தது. கனகா துண்டோடு முன்னால் பாய்ந்து மகளை மூடினாள். "மூச்சை அடக்கிக்கோ" என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர் கத்தினார். இரண்டு பேரும் அவளை இழுத்துக்கொண்டு வாசலில், வெடிப் புகைக்கு நடுவே, கிடத்தினார்கள். "அம்மிணி, அம்மிணி" என்று கன்னத்தைத் தட்டினார். தேவம்மா ஓடி வந்தாள், அவள் மகன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். வழியில் வினிதா ஒரு தடவை ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியைக் கையில் ஏந்திக்கொண்டு லிங்கப்பன் ஓவென்று அழுதார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். கனகாவுக்கும் பக்கத்துக் கட்டிலில் வைத்தார்கள். சின்ன வயசு டாக்டர், காற்றில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் ஒரு விஷ வாயு வரும், அதற்கு வாசனை கிடையாது, வந்தது தெரியாது, தூக்கம் வருகிற மாதிரி ஆளை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கும் என்றும் சொன்னார். பிறகு, அந்த பாத்ரூமில் ஜன்னலே இல்லையா என்று கேட்டார்.

"இருந்துச்சு சார்" என்றார் லிங்கப்பன், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் அடைச்சேன். எல்லாத்தையும் நான்தான் அடைச்சேன்."

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மதியத்துக்கு மேல் வினிதா கண் விழித்தாள். அப்பாவைத் தேடினாள். முகத்தில் இருந்த ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லிங்கப்பன் குனிந்தார். சத்தியத்தை மீறியதற்குத் திட்டட்டும், கதவை உடைத்ததற்குத் திட்டட்டும், ரூமை அடைத்ததற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காதைக் கொடுத்தார்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சுப்பா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொதல் தடவையே கேட்டுச்சு. இருக்கேன்னு சொல்லத்தான் பாத்தேன், வாய் வரல. கையும் வரல. வேணும்னே சும்மா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு நீ போயிடுவியோன்னு..." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

லிங்கப்பன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு அடி பின்னால்கூட வைத்தேன் என்பதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.