முதல் அகப்பைச் சோறு

என் தலைக்கு நேர் மேலே ஒரு மனுஷி ஆறு நாள் பட்டினி கிடந்தார். கிடக்க வைத்தவன் நான்.

யாங்கோனில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடியில் நானும் என் மனைவியும். ஐந்தாவதில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தனியாக. பேட்டையே அவரைச் சயாமா என்றுதான் கூப்பிடும். பர்மியத்தில் டீச்சரம்மா என்று அர்த்தம். விலைவாசி ஏற ஏற அவருடைய பென்ஷன் ஒன்றுக்கும் உதவாமல் போனது. முதலில் மீன் நின்றது, பிறகு எண்ணெய் நின்றது. கடைசியில் நாளைக்கு ஒரே வேளை, ஒரு பால் டின் அளவு அரிசியும் கொஞ்சம் கீரையும்தான் சாப்பாடு என்றாகிவிட்டது.

அந்த ஒரு டின் சோற்றிலும் முதல் அகப்பை அவருக்கில்லை. விடிகிற நேரத்தில் சோறு வடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டட வாசலில் நிற்பார். தெருமுனை மடத்துப் பிக்கு பிட்சைக்கு வருவார். அவருடைய பாத்திரத்தில் முதல் அகப்பையைப் போட்ட பிறகுதான் சயாமா மேலே ஏறிப்போய்த் தன் வாயில் ஒரு பருக்கை வைப்பார். ஒரு நாள்கூட இது மாறி நான் பார்த்ததில்லை.

எங்கள் பேட்டையில் நல்லது கெட்டதுக்கு நிற்க ஒரு சங்கம் உண்டு. சாவு விழுந்தால் பந்தல், விசேஷம் என்றால் பாத்திரம் பண்டம், யாருக்காவது முடியாமல் போனால் கஞ்சி. எல்லாரும் பௌத்தர்கள். நடுவில் நான் ஒருவன்தான் திருநீறு பூசுகிறவன். என் முன்னோர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள் என்பதால் எனக்கு அந்த வேலையைத்தான் கொடுப்பார்கள், கேலியும் செய்வார்கள். பதிலுக்கு நான் யோசனை சொல்வேன். யோசனை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

சயாமாவுக்காகச் சங்கத்தில் ஒரு மூட்டை அரிசி சேர்த்தோம். வயதானவர்களுக்குச் சங்கம் கொடுப்பது என்று சொல்லி நானே சுமந்துபோய் அவர் வாசலில் இறக்கினேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்த மூட்டை பிரிக்காமலே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி மடத்துக்குப் போய்விட்டது. தன்னைவிட இல்லாதவர்கள் அங்கே சாப்பிட வருகிறார்களாம். எனக்கு வந்ததே கோபம்.

அப்போதுதான் அந்த யோசனை சொன்னேன். பிக்கு கொஞ்ச நாளைக்கு எங்கள் கட்டட வாசலில் நிற்காமல் போகட்டும். மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கை நேரே மடத்தில் கொடுத்துவிடட்டும். சயாமாவின் முதல் அகப்பை அவர் பானையிலேயே தங்கிவிடும். ஆகா என்றார்கள் எல்லாரும். சங்கத் தலைவர் மடத்துக்குப் போய்க் கேட்டார். அந்த அகப்பையில் சோறு குறைந்துகொண்டே வருவதைப் பிக்குவும் கவனித்திருந்தார். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். சயாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பானையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கே நடந்துவிடுவார் என்று பயம்.

முதல் நாள் காலையில், லத்தா வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் மொத்த வியாபாரக் கடைக்குப் போக இறங்கினேன். பிக்கு எதிர்ப்பக்கமாக, வழக்கம்போலப் பார்வையைத் தாழ்த்தி, நிற்காமல் கடந்து போனார். அவர் முனை திரும்பி மறைந்த பிறகும் சயாமா அகப்பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்தே மத்தியானமானால் எங்கள் பால்கனிக் கம்பியெல்லாம் சோறு. மேலேயிருந்து காக்கைக்குப் போடுகிறார். நாங்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததைக் காக்கை தின்கிறதே என்று சாயங்காலம் வீட்டில் பொரிந்து தள்ளினேன். என் மனைவிக்கு வேறு கவலை.

"மேல ஒரு சத்தமும் காணோங்க. என்னான்னு போய்ப் பாருங்க."

நான் போகவில்லை. வீம்பு.

ஆறாம் நாள் எனக்குக் கடை லீவு. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று காலையிலேயே மேலே ஏறினேன். கதவு தாழ் போடவில்லை. புத்தர் மேடைக்கு முன்னால் பாயில் சயாமா கிடந்தார். உதடு வெடித்திருந்தது. அடுப்பில் அன்றைய சோறு பானையோடு அப்படியே, அகப்பை படாமல். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். என் அலறலுக்கு மனைவி ஓடி வந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சயாமா கண் திறந்தார்.

"எனக்குப் பாத்திரத்தைக் கவுத்துட்டாங்க தம்பி. என்ன பாவம் பண்ணேன்னு தெரியல."

பிக்குகளின் சங்கத்துக்குத் தீங்கு செய்தவரிடம் அவர்கள் பிட்சை வாங்க மறுப்பார்கள். அதைத்தான் பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்பார்கள். பௌத்தருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இது எனக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும், பிக்குவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருவருக்கும் தோன்றவில்லை. சயாமா தினமும் சோறு வடித்திருக்கிறார். உச்சி சாய்ந்தால் பிக்குகள் உண்ணமாட்டார்கள் என்பதால் அதுவரை காத்திருக்கிறார். பிக்கு ஏற்காத பானையிலிருந்து தான் உண்ண மனம் வராமல் அத்தனையையும் காக்கைக்குப் போட்டுவிட்டு வெறும் தேநீரைக் குடித்திருக்கிறார்.

நான் மடத்துக்கு ஓடினேன். கேட்டதும் பிக்குவின் முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மாடியும் ஏறி, சயாமாவின் வாசலில் பாத்திரத்தைத் திறந்து பிடித்து நின்றிருந்தார்.

என் மனைவி சயாமாவைத் தாங்கிப் பிடித்தாள். அகப்பை நடுங்கியது, பாதிச் சோறு தரையில் சிந்தியது. மீதி பாத்திரத்தில் விழுந்தது. பிக்கு உடனே போய்விடவில்லை. சயாமா கஞ்சி குடித்து முடிக்கும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு சொல்லிவிட்டேன். பிக்கு மேல் தப்பில்லை, யோசனை என்னுடையது, நீங்கள் வயிறாரச் சாப்பிடத்தான் இப்படிச் செய்தோம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. சயாமா கேட்டது வேறு.

"நான் ஒருவேளைதான் சாப்பிடறேன்னு கீழ் வீட்டுக்காரங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் சயாமா."

"எல்லாருக்குமா?"

தலையாட்டினேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.