ஐயாவு போட்ட கோடு

வீரம்மா நடப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. முழங்காலை மடக்காமல், இடுப்பை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி விறுவிறுவென்று போவாள். வேகநடைப் போட்டிக்கு அப்படித்தான் நடக்க வேண்டும். விதி அது, அவள் என்ன செய்வாள்?

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்லா. எனக்கென்ன காசா பணமா?" என்பாள்.

செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். இவளா சும்மா நடப்பாள்? ஐம்பதைத் தாண்டிய வயதில் மூத்தோர் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். போன வருடம் பாதியிலேயே, முழங்கால் மடங்குகிறது என்று நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அழுதாள். இந்த வருடம் எப்படியாவது போட்டியை நடந்து முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

பழக இடம் வேண்டுமே! தெருவில் நடந்தால் நாய் துரத்தும். நாய் துரத்தும்போது முழங்காலை மடக்காமல் யாரால் போக முடியும்? ஈப்போ ஸ்டேடியத்துக்குப் போய்வர இருட்டிவிடும். பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் ஓட்டப்பாதை இருந்தது. சாயங்காலம் அங்கேதான் நடப்பாள். ஒரு நாள் யாரோ தறுதலைகள் அங்கே மோட்டார் சைக்கிளை விட்டு உழுதுவிட்டுப் போக, தலைமையாசிரியை கலாதேவி கேட்டைப் பூட்டிவிட்டார்.

வீரம்மா நேராகப் போய்க் கேட்டாள். "டீச்சர், நான் என்ன மோட்டாரா ஓட்டுறேன்? நடக்கத்தானே செய்றேன்."

"ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும் அக்கா. யாராச்சும் விழுந்து வச்சா நான்தான் பதில் சொல்லணும். சூசா லா, பெரிய தொல்லை."

கலாதேவிக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. பள்ளி விளையாட்டுப் போட்டி வருகிறது. ஓட்டப்பாதையில் போடும் சுண்ணாம்புக் கோடுகளை மழை கழுவிவிடுகிறது. புல்லைக் கொல்லும் மருந்தை அடித்து, கோடு போகும் இடத்தைக் கருக்கிவிட்டால் அழியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வீரம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக்காரர் தோட்டத்துல காலம் பூரா மருந்து பம்பு தூக்குனவரு டீச்சர்! நாங்க போட்டுத் தாறோம். கேட்டை மட்டும் தொறந்து விடுங்க."

"முதல்ல போடுங்க. பார்ப்போம்."

பள்ளி விடுமுறையில் அவள் கணவர் ஐயாவு பம்பைத் தூக்கினார். வீரம்மா கயிறு பிடித்தாள். "கயித்த ஒட்டியே போங்க" என்றாள்.

"எனக்கே சொல்றியா நீ?" என்று சிலிர்த்துக்கொண்டார் மனிதர்.

தோட்டத்தில் மருந்து அடிப்பவர்கள் குழாயை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போவார்கள். அந்தக் கைக்குக் கயிறு தெரியுமா, கோடு தெரியுமா? அது தன் பாட்டுக்கு வீசிக்கொண்டே போனது. மருந்து தண்ணீர் மாதிரி இருந்ததால் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி சமைத்துச் சாப்பிட்டார்கள்.

பள்ளி திறந்தபோது பார்த்தால், ஐயோ! லாரி போகிற அகலத்துக்குத் திடலைச் சுற்றிப் புல் கருகிக் கிடந்தது.

கலாதேவி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கோடு போடச் சொன்னா ரோடு போட்டு வச்சிருக்கீங்களே அண்ணே!"

"கைப் பழக்கம் டீச்சர்" என்று ஐயாவு தலையைச் சொறிந்தார். வீரம்மாவுக்கு மானம் போயிற்று. இனி இந்தக் கேட் தனக்குத் திறக்காது என்றே நினைத்தாள்.

"புல்லக் கொன்னது நீங்க. வளர்க்கிறதும் நீங்கதான்" என்றார் கலாதேவி. "தெனமும் சாயங்காலம் வந்து தண்ணி ஊத்தணும். பூரா வர்ற வரைக்கும் விடமாட்டேன்." காவலுக்கு இருந்த ஜாகாவைக் கூப்பிட்டு, இவர்கள் வந்தால் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

வீரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஐயாவு புல் நட்டார், அவள் தண்ணீர் ஊற்றினாள், ஊற்றி முடித்ததும் நடந்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. மூத்தோர் போட்டியில் கடைசிக்கு முந்தி வந்தாள். சிவப்பு அட்டை வரவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் தங்கம் வாங்கியவள் என்றே நினைத்திருப்பார்கள்.

ஆனால் பாழாய்ப்போன புல் நன்றாக வளர்ந்துவிட்டது! மறைக்க மனசு வராமல் கலாதேவியிடம் போனாள். "புல்லு பூரா வந்துருச்சு டீச்சர்."

கலாதேவி திடலைச் சுற்றிப் பார்த்தார். கோல் கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். பந்து பிடிக்கும் பிள்ளைகள் மிதித்து மிதித்து, அங்கே என்றைக்கும் புல் முளைத்ததில்லை. அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

"இங்க இன்னும் வரலியே அக்கா."

"டீச்சர், அங்க நாங்க மருந்தே அடிக்கலியே."

"அது எனக்குத் தெரியும். வர்ற வரைக்கும் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் ஆபீசுக்குப் போனார் கலாதேவி.

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் கட்டாந்தரையில் தாராளமாக ஊற்றினாள்.