அவருக்கு எங்களைத் தெரியாது

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீலப் போர்வை சுழன்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே அவர் பேசுவார்; என் பக்கம் திரும்பமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் டோபிக் கடை அது. இயந்திர இரைச்சலில் பக்கத்து நாற்காலிப் பேச்சு பாதிதான் கேட்கும். அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர் ஒரு தமிழ் நாளிதழின் செய்தியாளர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தவன்.

பள்ளிக் காலம் முதல் நாட்குறிப்பு எழுதுபவன் நான். மழை பெய்த நாள், ரயில் தாமதமான நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள் எல்லாம் அதில் இருக்கும். அவரைச் சந்தித்த சனிக்கிழமைகள் மட்டும் இல்லை. எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அதனால் அது எப்போது என்றால், கொரோனா ஊரடங்கு முடிந்து கடைகள் பழையபடி திறந்த பிறகு என்றுதான் இன்று என்னால் சொல்ல முடிகிறது.

தொழிற்சாலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று நானாகத்தான் அவருக்குப் போன் செய்தேன். முதல் சந்திப்பில் என் துணிப்பையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, இஸ்திரி போட்ட சட்டையவா தொவைக்க வந்தீங்க? அடுத்த தடவ அழுக்குத் துணி கொண்டாங்க லா." சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "அமலாக்க அதிகாரிங்ககிட்ட புகார் குடுத்தா சட்டத்துல உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கு. என்கிட்ட சொன்னா அது கெடைக்காது. யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க."

அதிகாரிகள் வருவதற்கு முன்பே அவர்கள் வரும் செய்தி எங்கள் தொழிற்சாலைக்கு வந்துவிடுவதை நான் பார்த்திருந்தேன். அடுத்த வாரம் போனேன். "மேனேஜர் மேல கோவம் ஏதும் இருக்கா? இருந்தா தப்பில்ல, இப்பவே சொல்லிடுங்க" என்றார். இருந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு மேனேஜரின் மைத்துனருக்குப் போயிருந்தது. சொன்னேன், தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் விஷயத்தைக் கேட்டார்.

ஐஸ் செய்யும் தண்ணீர் பின்புறத்து ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வடிகட்டாமலே வந்தது. சோதனைக்கு அனுப்பும் தண்ணீரை மட்டும் கேன்டீனில் வடிகட்டி பொருத்திய குழாயில் பிடித்தார்கள். அந்த ஐஸ் கிள்ளான் முழுவதும் பானக் கடைகளுக்கும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"கேன்டீன் கொழா விஷயம் எத்தன பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு."

"அப்ப அது பேப்பர்ல வராது."

எனக்குக் கோபம் வந்தது. "அதுதானேக்கா முக்கியம்!"

"முக்கியந்தான். ஆனா அதப் போட்டா உங்க போட்டோவப் போட்ட மாதிரி."

நிறுவனத்தின் காகிதம் ஒன்றையும் அவர் என்னிடம் வாங்கவில்லை. கடை கடையாகத் தாமே ஐஸ் வாங்கி, வெளிச் சோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்தார். நிர்வாகத்திடமும் விளக்கம் கேட்டார். செய்தி வந்தபோது அதில் அவர் பெயர் இருந்தது, சோதனை முடிவு இருந்தது, நிர்வாகத்தின் மறுப்பும் இருந்தது. நம் நாளிதழ்களில் வழக்கமாக வரும் 'நம்பத்தகுந்த வட்டாரம்' கூட இல்லை. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்கள் நின்றன, புதிய வடிகட்டிகள் வந்த பிறகே மீண்டும் ஓடின.

"இனி எனக்குப் போன் பண்ணாதீங்க. எங்க பாத்தாலும் பேசாதீங்க. தீவாளிக்கு முறுக்கு குடுத்தனுப்புற வேலையும் வேணாம்" என்று கடைசியாகச் சொன்னார். அதை என் மனைவியிடம் சொன்னேன். எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் இருந்தது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில். வேலை போனால் வீடும் போகும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் வழக்கமாகப் போகும் கிள்ளான் அம்மன் கோயிலில், எங்கள் பெயர்களுக்கும் பிள்ளைகளின் பெயர்களுக்கும் பிறகு அர்ச்சனைக்கு இன்னொரு பெயரைச் சொன்னாள். செய்தியில் அச்சாகியிருந்த பெயர். நட்சத்திரம் தெரியவில்லை என்றதும் குருக்கள் பெயரை இன்னொரு முறை கேட்டு, உரக்கவே திருப்பிச் சொன்னார். பின்னால் நின்றிருந்தவர் எங்கள் ஸ்டோர் சூப்பர்வைசரின் மனைவி.

"மனுசங்ககிட்டதான நன்றி சொல்லக் கூடாது? நான் சாமிகிட்டதான சொன்னேன்" என்றாள் வீட்டில்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "அந்த ரிப்போர்ட்டர் உங்களுக்கு என்னா வேணும்? குடும்ப அர்ச்சனையில பேர் வருது."

"பேப்பர்ல படிச்சதுதான் பாஸ். எங்க பிள்ளைங்களும் அந்த ஐஸத்தானே குடிக்குதுங்க."

அவர் நம்பவில்லை. எனக்கும் செய்தியாளருக்கும் பழக்கம் என்று காட்ட ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று காத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் நானும் மனைவியும் கிள்ளான் ரயிலுக்காக நின்றபோது செய்தியாளர் எதிரே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாளிதழின் இணையக் காணொளிகளில் மட்டுமே பார்த்த அந்த முகத்தை நேரில் கண்டதும் மனைவியால் சும்மா இருக்க முடியவில்லை. கைகூப்பியபடி முன்னால் போய், "அக்கா, எங்களத் தெரியுதா?" என்றாள்.

"ஆள் மாறிப் பேசுறீங்க போல, சிஸ்டர்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு சார்?"

எப்போதும் தம்பி என்று அழைத்தவர். கண்களில் ஒன்றுமே இல்லை. கூட்டத்தோடு நகர்ந்து போய்விட்டார். கிள்ளான் வரும்வரை மனைவி அழுதாள்.

சில நாள் கழித்துக் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் ஸ்டோர் சூப்பர்வைசர் சொன்னார்: "அர்ச்சனையெல்லாம் போட்டீங்க, அன்னிக்கு சென்ட்ரல்ல அந்தம்மா 'நீங்க யாரு சார்'னு கேட்டுட்டாங்களே! பின்னாலதான் நின்னேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. வேலை நிலைத்தது, வீடும் நிலைத்தது.

சூப்பர்வைசரின் முகம்கூடச் செய்தியாளருக்குத் தெரியாது. அன்று ரயில் மேடையில் வேறு ஒருவருமே இல்லாதிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரயில் மேடைகளில் அந்தக் குரல் என்னை விட்டதில்லை. மனைவி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பாள்: "கோவமாத்தான் சொன்னாங்களா?" இல்லை என்பேன். எப்படித் தெரியும் என்பாள்.

ஓய்வு பெற்று நாங்கள் ரவாங்குக்கு வந்த பிறகு, சென்ற ஆண்டு, அவருடைய மரண அறிவிப்பை நாளிதழில் பார்த்தோம். போனோம். வாசலில் அவருடைய மகள், "அம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும், ஆன்டி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்: "தெரியாதும்மா. பேப்பர்ல படிச்சதுதான்."

திரும்பும் ரயிலில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செலாயாங் பக்கத்து அடுக்குமாடிகள் தொலைவில் கடந்து போனபோது, இத்தனை காலமாகக் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"அன்னிக்கு அவங்களுக்கும் இப்பிடித்தான் வலிச்சிருக்குமா?"