சோப்பு வியாபாரியின் வில்லை

பைத்தியம் பலவிதம். என்னுடையது காசு மாதிரியான பித்தளை வில்லைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சிகளில் கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து விளம்பரத்துக்காகக் கொடுத்தவை. மைசூருக்குத் தபாலில்தான் வரும். பாரிஸ் கண்காட்சியில் ஒரு சோப்பு வியாபாரி கொடுத்த வில்லையைப் பல வருடம் தேடி வாங்கினேன். ஒரு பக்கம் கண்காட்சிக் கட்டடம், மறுபக்கம் கடையின் பெயரும் தெருவும். இந்தப் பைத்தியத்துக்கு ஒரே விதிதான்: தேய்க்கக் கூடாது. ஏறிய கறுப்புக்குத்தான் மதிப்பு.

போன தசராவில் ஆயுத பூஜைக்கு விளக்குகளைத் தேய்த்த என் மனைவி, அந்தப் பாரிஸ் வில்லையையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

"சோப்பு விக்கிறவன் காசு, அழுக்கா இருந்தா நல்லாவாங்க இருக்கு?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இனி இது என் சேகரிப்பில் சேர்த்தியில்லை என்று மேசைமேல் எறிந்தேன். அவள் அதை எடுத்துப் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு காய்கறி, கரன்ட் பில் எல்லாம் பேசினோம். வில்லையைப் பற்றி மட்டும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான் என்று தெரியும். தள்ளிப்போட்டேன்.

தை மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். நெற்றியில் வைக்கக் காசு தேடிய பக்கத்து வீட்டம்மா, பூஜை அலமாரியில் பளபளவென்று கிடந்ததை எடுத்தார். குங்குமம் குழைத்து அவள் நெற்றியில் ஒட்டினார். கட்டடம் மேலே, எழுத்து உள்ளே. அதை மட்டும் கவனித்தேன்.

நெற்றிக் காசு மயானத்தில் வேலை பார்ப்பவருக்குச் சேர வேண்டியது. அவர் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது நடெயல்ல சார்," என்றார் கன்னடத்தில். செல்லாதாம். ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. விளக்குகள் கறுத்துவிட்டன. வில்லை மறுபடி பெட்டிக்குள் இருக்கிறது. எழுத்துகளின் இடுக்கில் குங்குமம் காய்ந்திருக்கிறது. துடைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று அவளிடம் சொல்ல எனக்கு முழுசாக மூன்று மாதம் இருந்தது.