மழைச் சீட்டு

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு போர்வெல் வற்றியது. எங்கள் வீடு மட்டுமில்லை, பெங்களூரு தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில் நாங்கள் இருக்கும் குறுகலான சந்து முழுக்கவே வற்றியது. தண்ணீர் லாரி சந்துக்குள் வராது. முனையில் நின்றுகொண்டு நீளக் குழாயை இழுத்து விடுவார்கள். ஒவ்வொரு முறையும் விலை ஏறியிருக்கும். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் செலவைச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு அந்தக் குழாய் வழியாக, தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் சந்துப் பெண்கள் வெகு நாளாக ஒரு சீட்டு நடத்துகிறோம். மாதாமாதம் எல்லோரும் ஒரே தொகை போடுவோம். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ, அந்த மாதம் மொத்தமும் அவருக்கு. ஃபிரிட்ஜ், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், காது கம்மல் என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டுதான். புதுச் சீட்டு தொடங்கிய அன்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

"இந்த வாட்டி சீட்டு எடுக்கிறவங்க வேற எதுக்கும் செலவு பண்ணக் கூடாது. மாடியில விழற மழைத் தண்ணிய சம்புல பிடிக்கிற மாதிரி பைப் போட்டுக்கணும். லாரிக்குக் குடுக்கிற காசு மிச்சமாவும். மிஞ்சற தண்ணி பூமிக்குள்ள இறங்குச்சுன்னா போர்வெல்லும் பொழைக்கும்."

முதலில் சிரித்தவர் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கிறவர். கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் சரளமாக வரும், நடுநடுவே மரியாதைக்கு 'ரீ', மழைக்கு 'மளே' என்று கன்னடமும் எட்டிப் பார்க்கும்.

"மளே வந்தா தானே ரீ? ஆகாசத்த நம்பி யாராச்சும் சீட்டு போடுவாங்களா?"

எதிர்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் உருதுக்காரர், அண்ணி என்ற பொருளில் சந்தே 'பாபி' என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும் என் பக்கம் நின்றார். "அரே, நான் தைச்சு சம்பாரிக்கிறதெல்லாம் லாரிக்காரனுக்குத்தானே போவுது. பண்ணித்தான் பாக்கலாமே."

பேசிப் பேசி ஒருவழியாக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குலுக்கினோம். வந்தது மாவு அக்காவின் பெயர்! அவரோ பெரிய கிரைண்டர் வாங்கும் கனவில் இருந்தவர்.

"ஒண்ணு பண்ணலாம் ரீ," என்றார் என்னைப் பார்த்து. "என் சீட்ட நீங்க எடுத்துக்குங்க. மொதல்ல உங்க வீட்ல பைப் போடுங்க. தண்ணி வந்துதுன்னா நாங்க எல்லாரும் போடறோம். வரலைன்னா, உங்க பேரு வரப்ப அந்தப் பணத்துல நான் கிரைண்டர் வாங்குவேன், நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆயித்தா?"

"ஆயித்து," என்றேன். அவர் கன்னடத்திலேயே சரி சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டேன்.

என் கணவருக்கு அடுகோடி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. விஷயத்தைக் கேட்டதும், "ஊருக்கே யோசனை சொல்லப் போய் கடைசில நம்ம வீடுதான் மாட்டிக்கிச்சா?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பட்டறையில் சும்மா கிடந்த நீல டிரம் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கி வடிகட்டி செய்தோம். எதையும் புதிதாக வாங்காமல், பழைய இரும்புப் பட்டையை வளைத்து அவரே கிளாம்ப் அடித்தார். பிளம்பர் வந்து மாடியிலிருந்து குழாய் இறக்கி, ஒரு வால்வும் வைத்தார். முதல் மழை மாடித் தூசியையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் வால்வைத் திருப்பிச் சம்புக்குள் விட வேண்டும். சந்தே கூடி நின்று வேடிக்கை பார்க்க, இதை எல்லோருக்கும் பெருமையாகச் செய்து காட்டினேன்.

அதோடு சரி, மழை வரவே இல்லை. கறுத்துக்கொண்டு வரும் மேகம் எங்களைத் தாண்டிப் போய் வேறெங்கோ கொட்டியது. "சம்புல மீன் வுட்டாச்சா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். மாவு அக்கா கிரைண்டர் கடை விளம்பரத்தை என் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் ஒட்டினார்.

கடைசியில் அது வந்தது ஒரு வேலை நாள் மாலையில். ஆபீஸ் ஜன்னல் சட்டென்று இருண்டது, அடுத்த நிமிடம் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எனக்கு ஒரே துள்ளல். அப்புறம்தான் உறைத்தது: வீட்டில் யாருமில்லை, கேட்டும் பூட்டியிருக்கிறது, வால்வு வெளிப்பக்கமாகத் திறந்திருக்கிறது. இத்தனை நாள் காத்திருந்த மழை அப்படியே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்! கணவருக்குப் போன் போட்டேன். "இங்க ரோடே தெரியல, எப்படி வர்றது?" என்றார்.

மேனேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே ஓடினேன்.

சந்துக்குள் திரும்பினால், எங்கள் வீட்டுப் பக்கச் சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், தலையில் அரிசி மூட்டையின் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் மாவு அக்கா. அவர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி, தான் முழுக்க நனைந்துகொண்டு பாபி.

"நீங்க எப்படிக்கா உள்ள?" என்றேன் மூச்சு வாங்க.

"சுவரு ஏறிக் குதிச்சேன் ரீ! மொதல்ல காப்பி கலர்ல வந்துச்சு, வெளிய வுட்டேன். தெளிஞ்சதும் திருப்பிட்டேன். நீங்கதானே காட்டினீங்க? சம்புல சத்தத்தக் கேளுங்க, கேளுங்க!"

சம்பு மூடியைத் தூக்கினோம். உள்ளே கொட்டுகிற சத்தம் கிணற்றில் விழுகிற மாதிரி முழங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால், படிப்படியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு சொம்பு மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் போல அதை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டோம். ஏற்கெனவே நனைந்திருக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"இந்த மழையில மாவு வாங்க யாரு வரப் போறாங்க?" என்று அக்கா பணியாரக் கல்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். சுடச் சுட எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். அரை மணியில் சந்தின் பாதிப் பெண்கள் எங்கள் வீட்டில் நின்றார்கள். நனைந்து சொட்டச் சொட்ட வந்த என் கணவர், எங்களைத் தாண்டி நேரே டிரம்மிடம் போனார்.

"என் கிளாம்ப் அசையல பாத்தியா!"

அடுத்த குலுக்கல் பெரும் சண்டையில் முடிந்தது. எல்லோருக்கும் உடனே வேண்டும். "மொதல் சீட்டு என்னுது, விட்டுக் குடுத்தவ நான்!" என்று அக்கா சத்தம் போட்டு அந்த மாதச் சீட்டை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் ஒரு மாடியிலிருந்து குழாய் இறங்கியது. கோடைக் கடைசியில் இன்னும் லாரி வரத்தான் செய்கிறது, ஆனால் எப்போதாவது. லாரிக்குக் கொடுக்காமல் மிஞ்சிய பணத்தை நான் தபால் ஆபீஸில் மாதாமாதம் போட்டேன். அக்கா தன் வீட்டு மிச்சத்தில் கிரைண்டரும் வாங்கிவிட்டார்.

போன மழைக்காலத்தில், மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் எடுத்து, சீட்டுப் பெண்கள் எல்லோருமாக மலையூரான சக்லேஷ்பூருக்கு ரயிலேறினோம். ஊர் நெருங்குகையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. பேய் மழை. பச்சை மலைகளைப் பார்க்கலாம் என்று எல்லோரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். பாபி மட்டும் ஸ்டேஷன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் திரை போலக் கொட்டிக்கொண்டிருந்தது.

"யா அல்லா, எவ்ளோ தண்ணி வீணாப் போவுது பாரு!" என்றார்.

பெட்டியே அதிர்கிற மாதிரி நாங்கள் சிரித்ததில், வண்டி கிளம்பியதுகூடத் தெரியவில்லை.